பட்டுடுத்திய ‘வாங்க’

பாளையங்கோட்டையில் தவமணி என்றொரு அம்மாள் இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பாடுவது அவளுக்குப் பிரியம். குரல் நன்றாயிருக்க வேண்டியதில்லை, வந்தால் போதும். அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு சின்ன இணையப் பக்கம் இருந்தது. அதன் உச்சியில் ‘வாங்க’ என்றொரு சொல் குடியிருந்தது. இது அந்தச் சொல்லின் கதை.

பக்கத்தைச் செய்து கொடுத்தவர் அற்புதராஜ். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர். கையிலிருந்த பத்திரிகை எழுத்திலேயே பக்கம் முழுவதையும் அமைத்துவிட்டார். அதனால் வாங்க, வளைவும் சுழியுமாகப் பட்டுடுத்தி நின்றது. பார்த்தவர்கள் அழகு என்றார்கள். சொல்லிவிட்டு, நேரம் என்ன, இடம் எது என்று கீழே போய்விட்டார்கள். ஒருவர்கூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. வாங்க என்பது வாயால் சொல்வதற்கென்றே பிறந்த சொல் அல்லவா? ஒரே ஒரு தடவை யார் காதிலாவது விழவேண்டும் என்று அது நாளெல்லாம் ஏங்கியது.

ஒரு மத்தியானம் குரல் வந்தது. ஜெபசீலியின் கைபேசியில் இருக்கும் குரல் அது. ஜெபசீலிக்குக் கண் தெரியாது. அவள் விரல் திரையில் எதைத் தொடுகிறதோ அதைப் படித்துச் சொல்வதுதான் குரலின் வேலை. சபைப் பாடகர் குழுவில் இருபது வருஷம் பாடினவள் அவள். பார்வை போன பிறகு, கூட்டிப்போய்க் கொண்டுவிடுவது சிரமம் என்று குழு அவளை மெல்ல மறந்தது. கூடப் பாட ஆளில்லாமல் அடுப்படியில் தனியே பாடிக்கொண்டிருந்தாள்.

விரல் உச்சியில் வந்து நின்றது. வாங்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. குரல் வாய் திறந்தது.

“டி, ஹெச், கியூ, அரைப்புள்ளி, எஃப்.”

வாங்கவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விரல் மறுபடி தொட்டது, மறுபடி அதேதான். கீழே இறங்கிப் பார்த்தது. அங்கேயும் அரைப்புள்ளி ராஜ்யம். தொலைபேசி எண் இருந்த இடத்தில் குரல் “படம்” என்று மட்டும் சொன்னது. அற்புதராஜ் எண்ணைப் பூவேலையெல்லாம் போட்டு ஒரு படமாக வைத்திருந்தார்.

வாங்க குரலைத் தடுத்து நிறுத்தியது. தன்னை ஏன் தன் பேரால் கூப்பிடவில்லை என்று கேட்டது.

“பாக்கறவங்களுக்கு நீ வாங்க. எனக்கு ஏது கண்ணு? உள்ள இருக்கறதைத்தான் நான் படிக்க முடியும். உள்ள நாலு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு புள்ளியும்தான் இருக்கு,” என்றது குரல்.

வாங்க உடுத்தியிருந்த பட்டு இதைக் கேட்டுச் சிலுப்பிக்கொண்டது. அது பழைய காலத்து எழுத்துரு. ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் அதன் வித்தை. தான் இல்லாவிட்டால் வாங்க வெறும் குப்பை என்று சொல்லிக்காட்டியது. அது பொய்யுமில்லை. வாங்க தன் உள்ளே தடவிப் பார்த்தது. அங்கே தான் இல்லை. முன்பு பட்டதெல்லாம் ஏக்கமே இல்லை, இதுதான் ஏக்கம் என்று அப்போதுதான் அதற்குத் தெரிந்தது.

இந்தப் பக்கத்தைப் பற்றித் தன்னிடம் சொல்லியிருந்த தோழி ஒருத்திக்கு ஜெபசீலி குரல்பதிவு ஒன்று அனுப்பினாள். “அது என்னமோ எழுத்தெழுத்தாச் சொல்லுது. என்னைய மாதிரி ஆளுக்கு இல்ல போல. விடு.” தோழி அதை அப்படியே தவமணிக்கு அனுப்பினாள். தவமணி நேரே அச்சகத்துக்குப் போனாள். அற்புதராஜ் திரையைக் காட்டி, பளிச்சென்று தமிழில்தானே இருக்கிறது, இன்னும் என்ன குறை என்றார்.

“காதால படிக்கறவங்களும் இருக்காங்க அண்ணாச்சி. தோரணத்தைக் கட்டிட்டுக் கதவைப் பூட்டி வச்சிருக்கோம்,” என்று தவமணி பதிவைப் போட்டுக் கேட்க வைத்தாள்.

அற்புதராஜ் பதிவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு உட்கார்ந்து, எல்லாக் கைபேசிக்கும் தெரிந்த ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு சொல்லாகப் புதிதாகத் தட்டினார். எண்ணையும் படத்திலிருந்து இறக்கி, தொட்டால் அழைப்பு போகிற மாதிரி எண்ணாகவே வைத்தார்.

வாங்கவின் முறை வந்தது. “நான் போயிட்டா நீ மெலிஞ்சு போயிருவே. உன்னை ஒருத்தரும் அழகுன்னு சொல்ல மாட்டாங்க,” என்றது பட்டு.

வாங்கவுக்கும் பயம்தான். “சொல்லாட்டிப் போகட்டும். நான் கூப்பிட்டா காதுல விழணும்,” என்றது. பட்டு கழன்று போனது.

அதற்கப்புறம்தான் பெரிய பாடு. ஏமாந்து திரும்பினவள் மறுபடி ஏன் வரப்போகிறாள்? செவ்வாய் போயிற்று, வியாழன் போயிற்று. யார் யாரோ வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோழி எத்தனையோ சொல்லியும், பிறகு பார்க்கலாம் என்று ஜெபசீலி தட்டிக்கழித்தாள். இன்னொரு தடவை ஏமாற அவளுக்குத் தெம்பில்லை. வாங்க அந்த ஒரு விரலுக்காக உச்சியிலேயே நின்றது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு விரல் வந்தது. தயங்கித் தயங்கி உச்சியைத் தொட்டது.

“வாங்க,” என்றது குரல்.

ஜெபசீலி இன்னொரு முறை தொட்டுக் கேட்டாள். பார்வை போன நாளிலிருந்து அவளிடம் ஒருவரும் சொல்லாத சொல் அது. வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “இந்தா வாரேன்,” என்றாள்.