கோணப்பாளையத்து அமெரிக்கக் கார்

கோணப்பாளையத்தில் மழை பெய்யும், சோளம் விளையும், எருமை கன்று போடும். புத்தி மட்டும் அந்த ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சென்னியப்பன் அந்த ஊர்க்காரன். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. தோட்டமும் கிணறும் இருந்தன, ஆனால் பெண் வீட்டார் வந்து "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று கேட்டால், "இங்க உக்காந்திருக்கறனுங்க" என்பான்.

வாசலில் பெரிய கார் நின்றால் பெண் தானாக வரும் என்று ஒரு தரகர் சொல்லி வைத்தார். கோயமுத்தூரில் ஒரு மில்காரர் வீட்டுப் புளியமரத்தடியில் அறுபது வருசத்து அமெரிக்கக் கார் ஒன்று நின்றது. லாரிக்குக் கொஞ்சம் குறைவான நீளம், பின்னால் இரண்டு இறக்கை, உள்ளே கோழி முட்டை. மில்காரரின் பேரன் அதைச் சந்தோசமாக விற்றான். வருத்தப்பட்டது கோழி மட்டும்தான்.

காரை லாரியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கினார்கள். தரகர் சொன்னது பலித்துவிட்டது. காங்கயம் பக்கத்துத் தண்டபாணி தன் மகள் சுகந்தியைக் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் காரைச் சுற்றி வந்தவர் முகத்தைச் சுளித்தார். அமெரிக்கக் கார் அல்லவா, ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது.

"மாப்பிள்ளை இந்தக் கார்லதான் மண்டபத்துக்கு வரோணும். ஓட்டறவரு நம்மூரு மொறைப்படி வலப்பக்கம் உக்காந்திருக்கோணும். இல்லாட்டி மணமேடை ஏறப்போறது எங்கக்கா பையன்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

சென்னியப்பன் தாய்மாமன் பொங்கியண்ணனையும் பங்காளி மாரப்பனையும் கூட்டிக்கொண்டு, காரைக் கயிறு கட்டி டிராக்டரில் இழுத்து, டவுனில் கபூர் பாய் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினான். யோசனை சொல்ல இந்த இருவரை விட்டால் அவனுக்கு ஆளில்லை. குருட்டுக்குருவிக்கு இரண்டு குருட்டுக்காக்கை துணை.

பாய் பானெட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். கார்புரேட்டர் செத்துவிட்டது, புதுசு அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டும், அந்தக் காசுக்கு ஒரு கறவை எருமை வாங்கலாம் என்றார். எருமை வீட்டிலேயே இருக்கிறதே என்று பொங்கியண்ணன் மகிழ்ந்து, அதை விற்றுக் கார்புரேட்டர் வாங்கினார். ரேடியேட்டரை ஒட்டுப்போட இன்னொரு எருமை போனது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எருமை மிச்சமில்லை. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றுவதென்றால் தோட்டத்தில் பாதியை விற்கவேண்டும் என்றார் பாய். தோட்டத்தை விற்றால் பெண் கொடுக்கமாட்டார்கள், ஸ்டீயரிங்கை மாற்றாவிட்டாலும் கொடுக்கமாட்டார்கள். சென்னியப்பன் பட்டறை வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

ஆயில் வேறு ஒழுகியது. சாப்பிடப் போகும்போது பாய் மாரப்பனிடம், ஆயில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது காருக்கடியில் குட்டை கட்டி நின்றது. மாரப்பன் அதன் கரையில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

"பூராவும் பாத்துட்டனுங்க பாயி. ஒரு சொட்டுக்கூட எனக்குத் தெரியாமப் போகுல" என்றான்.

பாய் தலையில் அடித்துக்கொண்டு ஓட்டையை அடைத்து, புது ஆயில் ஊற்றி, காரைத் தள்ளவிட்டுக் கிளப்பினார். இவர்களை அனுப்பினால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. ஸ்டார்ட்டர் இல்லாததால் ஒருதடவை கிளப்பினால் மண்டபம் போய்ச் சேரும்வரை அணைக்காதீர்கள் என்றார். சூடு ஏறும், பானெட்டைத் திறந்தே வையுங்கள் என்றும் சொன்னார்.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்த கார் மூன்று நாளும் வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. பாய் அணைக்கக்கூடாது என்றாரே தவிர, கல்யாணத்தன்று கிளப்பினால் போதும் என்று சொல்லவில்லை. பெட்ரோலைக் குடத்தில் வாங்கி வாங்கி ஊற்றினார்கள். பந்தி அரிசிக்கு வைத்திருந்த காசு அதோடு கரைந்தது.

முகூர்த்தத்தன்று காலையில் காருக்கு மாலை போட்டு மூவரும் ஏறினார்கள். டிராக்டர் ஓட்டிப் பழகிய பொங்கியண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். எதிரே ஆகாயத்தை மறைத்துக்கொண்டு பானெட் நின்றது. கட்டில் பலகை அகலம் இருக்கும் அதற்கு.

"மூடினாச் சூடாயிரும். தெறந்தா வழி தெரியாது" என்றார் பொங்கியண்ணன்.

"பின்னாடி நல்லாத் தெரியுதுங்க மாமா" என்றான் மாரப்பன், திரும்பிப் பார்த்து.

பொங்கியண்ணன் யோசித்தார். அவர் யோசித்தால் நெற்றியில் வேர்வை வரும். அப்புறம் காரைவிட்டு இறங்கிப் பின்னால் போய் நின்று, இறக்கைகளுக்கு முதுகைக் காட்டியபடி கைகளை விரித்து, இது வலது, இது இடது என்று நிதானமாகச் சரிபார்த்தார்.

"மாப்பள, இப்படிக்கா போனா ஸ்டீயரிங் எந்தப்பக்கம் வருது பாரு. வலப்பக்கம். பாதித் தோட்டம் மிச்சம்" என்றார்.

சென்னியப்பன் அவர் காலில் விழுந்து கும்பிட்டான். எருமையும் அரிசியும் போன வீட்டில் மாமன் மூளை ஒன்றாவது மிஞ்சியதே என்று அவனுக்குக் கண் கலங்கியது.

அப்படியே ரிவர்ஸ் கியரில் கிளம்பினார்கள். வழியில் ஆடுகள் ஒதுங்கின, மனிதர்கள் ஒதுங்கினார்கள், ஒரு டவுன் பஸ்ஸும் மரியாதையாக ஒதுங்கியது. சென்னியப்பன் பட்டுவேட்டியோடு முன் சீட்டில் உட்கார்ந்து, தன் ஊர் தன்னைவிட்டுப் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே கல்யாணத்துக்குப் போனான்.

மண்டப வாசலில் மேளம் நின்றது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் காரின் பின்பக்க இறக்கைக்கு ஆரத்தி சுற்றினார்கள். தண்டபாணி பக்கத்தில் அவருடைய அக்கா பையன், எதற்கும் இருக்கட்டும் என்று மாலையோடு நின்றான். தண்டபாணி மண்டபத்துப் படியைவிட்டு இறங்கவில்லை. கார் வந்த திசையைப் பார்த்தார், பொங்கியண்ணன் உட்கார்ந்த பக்கத்தைப் பார்த்தார், தன் வலது கையைத் தூக்கி ஒருமுறை உறுதி செய்துகொண்டார்.

"சொன்ன சொல்லக் காப்பாத்தீட்டீங்க சம்பந்தி" என்றார் தண்டபாணி. அக்கா பையன் மாலையைக் கழற்றினான். கோணப்பாளையத்துக்குச் சம்பந்தம் எங்கிருந்து அமையும், அதற்குத் தகுந்த இடத்திலிருந்துதான்.

தாலி கட்டியாயிற்று. மண்டபம் வந்துவிட்டதால் அணைத்த காரை இரண்டு வீட்டாரும் பட்டுப்புடவையும் வேட்டியுமாக முன்னாலிருந்து பின்னால் தள்ளிக் கிளப்பினார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் உட்கார, அதே ரிவர்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள்.

பாதி வழியில் மாரப்பன் மைல் மீட்டரைப் பார்த்துக் கத்தினான். பழைய காலத்து மீட்டர், கார் பின்னால் போனால் அதுவும் பின்னால் சுற்றும். காலையில் இருந்ததைவிட மைல் குறைந்திருந்தது.

பொங்கியண்ணனின் நெற்றியில் மறுபடி வேர்வை வந்தது. "ஓட ஓடத்தான வண்டி பழசாச்சு. இப்ப ஓடுன ஓட்டத்தத் திருப்பிக்கிட்டு இருக்கறோம். இப்படியே சைபர் வரைக்கும் போனா வண்டி புதுசாயிரும். ஸ்டார்ட்டர் மாத்த வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம், பாயி மூஞ்சியில முழிக்க வேண்டாம்" என்றார்.

சென்னியப்பன் பெருமையோடு பொண்டாட்டியைப் பார்த்தான். வந்ததிலிருந்து வாய் திறக்காத சுகந்தி கவலையோடு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, சைபர் வந்தா வண்டி அமெரிக்காவுல அதச் செஞ்ச கம்பெனி வாசல்லதான போயி நிக்கும்? எங்கிட்டப் பாஸ்போர்ட் இல்லீங்களே."

இவ்வளவு புத்திசாலியா தனக்கு வாய்த்தாள் என்று சென்னியப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. பொங்கியண்ணன் ஸ்டீயரிங்கை ஒடித்துக் கோயமுத்தூர் ரோட்டில் காரை வளைத்தார். பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போகிற வழியில், அமெரிக்காவில் குளிரும் என்று நாலு பேருக்கும் ஸ்வெட்டர் வாங்கினார்கள்.