தோப்புக்கு வேலி போட்ட வல்லபராயர்

வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைமாநகரை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வார். கடைசியாகக் காதில் ஓதியவர் யாரோ, அவர் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

நகரத்துக்கு நடுவே ஒரு பெரிய தோப்பு. புன்னையும் மருதமும் இலுப்பையுமாக ஒரே நிழல். கடைவீதியிலிருந்து அரண்மனைக்கு வருகிற பாதை அதற்குள்ளேதான் வளைந்து வரும். அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. வழக்கு உள்ளவர் கயிற்றை இழுத்தால் உடனே விசாரணை. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை அது அடித்தாலே அதிகம்.

வழக்குகளை விசாரிக்கிற அதிகாரி வல்லபராயர். மணி சும்மா கிடப்பதற்குத் தம்முடைய மீசைதான் காரணம் என்று அவர் மனசார நம்பினார். "என்னை நினைத்தாலே ஜனங்களுக்குக் குலை நடுங்குகிறது, மகாராஜா" என்பார். அப்படிப்பட்டவருக்கு, ஊரே மந்திரி அம்பலவாணரைப் புகழ்வது பொறுக்குமா? மந்திரி தினமும் தோப்பில் உட்கார்ந்து ஜனங்களோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ராஜாவின் காதில் ஓதினார். "மகாராஜா, அந்தத் தோப்பு சோம்பேறிகளின் கூடாரம். அதை வெட்டிவிட்டு ஆயிரங்கால் மண்டபம் கட்டலாம். தூணுக்குத் தூண் தங்கள் திருமுகம்!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆயிரம் முகமா! நாளைக்கே கோடாலியை எடுங்கள்!"

அம்பலவாணர் பதறி எழுந்தார். "வேண்டாம் மகாராஜா! அந்தத் தோப்பு இந்த ஊருக்காக ராப்பகலாக உழைக்கிறது."

"மரம் உழைக்கிறதாம்! எங்கே, ஒரு மூட்டை தூக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று வல்லபராயர் சிரித்தார். சபையும் கூடவே சிரித்தது. சபைக்கு வேறென்ன வேலை!

"மந்திரியாரே, எட்டு நாள் தருகிறேன். தோப்பின் உழைப்பை என் கண்ணுக்குக் காட்டும். இல்லாவிட்டால் தோப்பும் போகும், உம்முடைய பதவியும் போகும்" என்றார் ராஜா.

"சம்மதம். ஒரே ஒரு விண்ணப்பம். இந்த எட்டு நாளும் தோப்பை அடைத்துவிட வேண்டும். ஒருவரும் உள்ளே போகக்கூடாது."

வல்லபராயர் துள்ளிக் குதித்தார். "முள்வேலியை நானே போடுகிறேன்! வாசல் சாவியும் என்னிடமே இருக்கட்டும்!"

வேலி எழும்பியது. முதல் நாள் ஊர் அமைதியாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மணி ஒருமுறை அடித்தது. மூன்றாம் நாள் பன்னிரண்டு முறை. நான்காம் நாள் கயிற்றைப் பிடிக்க வரிசை நின்றது, வரிசையில் யார் முன்னால் நிற்பது என்பதே ஒரு வழக்காயிற்று.

"பக்கத்து வீட்டுச் சேவல் என்னைப் பார்த்துத்தான் கூவுகிறது, சாமி!" என்றார் பாத்திரம் அடிக்கிற ஒரு கன்னார்.

"என் மருமகள் வாசல் பெருக்குகிற சத்தத்திலேயே என்னைத் திட்டுகிறாள்!" என்றாள் ஒரு பூக்காரி.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. "ஏனய்யா, இத்தனை வருஷமாக இந்தச் சேவல் கூவவில்லையா?" என்று கன்னாரைக் கேட்டார்.

"கூவியது மகாராஜா. நானும் மணியடிக்கப் பலமுறை கிளம்பியிருக்கிறேன். தோப்பு வழியாக வரும்போது காற்று நல்லா இருக்கிறதே என்று கொஞ்சம் உட்காருவேன். அணில் ஓடுவதைப் பார்ப்பேன். எதற்கு வந்தேன் என்பதே மறந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இப்போது வேலியைச் சுற்றி வெயிலில் நடந்து வருகிறேன். அடிக்கு அடி கோபம் ஏறுகிறது."

"உளறல்! என்னிடம் வரப் பயம் என்று சொல்லு!" என்று வல்லபராயர் கத்தினார். வரிசையில் நின்ற ஒருவரும் பயந்ததாகத் தெரியவில்லை.

ஆறாம் நாள் மணி விடாமல் அடித்தது. ராஜா கோபத்தோடு வாசலுக்கு ஓடினால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது மகாராணி!

"தேவி, நீயுமா? யார் மேல் வழக்கு?"

"உங்கள் மேல்தான். தினமும் சாயங்காலம் தோப்பில் நாலு சுற்று நடந்துவிட்டு வந்து, உங்கள் பேச்சைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஆறு நாளாக எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அந்த ஆயிரம் முகக் கதையையே கேட்கிறேன். என்னால் முடியவில்லை!"

ராஜா முதல்முறையாக மந்திரியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அந்த ஆயிரம் முகத்தை விட மனம் வரவில்லை. "எட்டாம் நாள் ஆகட்டும்" என்றார்.

எட்டாம் நாள் மத்தியானம் தீர்ப்புக்காகச் சபை கூடியது. வல்லபராயரைக் காணோம். வீட்டுக்கு ஆள் போயிற்று. "நாலு நாளாகச் சாப்பிட்ட கையோடு எங்கேயோ போய்விடுகிறார்" என்றாள் அவர் மனைவி கோமளவல்லி. ஊரெல்லாம் தேடினார்கள். கடைசியில் மந்திரி மெல்லக் கேட்டார்: "மகாராஜா, தோப்பைப் பார்த்தீர்களா?"

போய்ப் பார்த்தால் பூட்டு திறந்து கிடந்தது. உள்ளே பெரிய மருதமரத்தடியில், தலைப்பாகையைத் தலையணையாக வைத்து, வல்லபராயர் குழந்தை மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தட்டி எழுப்பினார்கள். ராஜாவைக் கண்டதும் தடாலென்று காலில் விழுந்தார். "மன்னிக்கவேண்டும் மகாராஜா! சபையில் கூச்சல், வீட்டில் கூச்சல். மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. சாவி என்னிடம்தானே இருந்தது..."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்பலவாணரே, தோப்பின் உழைப்பைக் கண்ணுக்குக் காட்டச் சொன்னேன். நீர் காதுக்கே கேட்கும்படி காட்டிவிட்டீர்!" என்று தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்!"

"நகரத்தின் நாலு மூலைக்கும் ஒவ்வொரு தோப்பு, மகாராஜா."

"தந்தேன்! வல்லபராயரே, நாலுக்கும் நீர்தான் குழி வெட்டவேண்டும். முதலில் இந்த வேலியை உம் கையாலேயே பிடுங்கும்!"

ஊரே கூடி வேடிக்கை பார்க்க, அவர் வெட்கத்தோடு முள்ளைப் பிடுங்கினார். ஒரு பக்கம் முடிவதற்குள் பாதி நகரம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. மகாராணி இரண்டு சுற்று நடந்து முடித்திருந்தாள். கடைசி முள்ளையும் எறிந்துவிட்டு, இடுப்பு ஒடிய, வல்லபராயர் தம் பழைய இடத்துக்குத் திரும்பினார். அங்கே ராஜா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.