சாய்ந்து நிற்பவன்

"செலின், எனக்குக் கத்துக்கொடு," என்றான் புகழேந்தி.

செலின் திரும்பினாள். அவள் கையில் கத்தி இருந்தது. நேற்றுப் பூசிய வண்ணத்தைக் கேன்வாஸிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தை?"

"வரையறதை."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

சிரிக்கக் காரணம் இருந்தது. இருவரும் சென்னையில் ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பு. அங்கே வாத்தியார்கள் செலினின் பலகையைப் பார்த்துவிட்டு, "புகழேந்தி எப்படிப் போட்டிருக்கான்னு போய்ப் பாரு," என்பார்கள். அவளும் போய்ப் பார்ப்பாள். திரும்பி வந்து தன்னுடையதைக் கிழித்துப்போடுவாள்.

கல்லூரி முடிந்ததும் அவன் பெங்களூருக்குப் போனான். விளம்பரக் கம்பெனியில் வேலை. சோப்பு வரைந்தான், பால் பாக்கெட் வரைந்தான், சிரிக்கிற குடும்பங்களை வரைந்தான். தலை நரைக்கும்வரை அதுதான் வேலை.

அவள் சொந்த ஊரான காரைக்காலுக்குத் திரும்பினாள். மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த ஒரு கம்பெனி மூடிக் கிடந்தது. அதன் பெரிய கூடத்தை வாடகைக்கு எடுத்தாள். வரைய ஆரம்பித்தாள். இன்னும் வரைந்துகொண்டிருக்கிறாள்.

"நிஜமாத்தான் சொல்றேன்," என்றான் புகழேந்தி. "ரிட்டயர் ஆனதும் நல்ல கலரா வாங்கினேன். மாடியில ஒரு ரூமைக் காலி பண்ணினேன். உக்காந்தா எல்லாம் சரியா வருது. கை சரியா இருக்கு. கால் சரியா இருக்கு. ஆள் மட்டும் செத்துக் கிடக்கான்."

"ம்."

"ஒண்ணு சொல்லு. ஒரு படம் முடிஞ்சிருச்சுன்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"தெரியறதில்ல."

அவள் மறுபடி சுரண்டத் தொடங்கினாள்.

புகழேந்தி தோள்பையை இறக்கினான். இன்னொரு கையில், படுக்கை விரிப்பால் சுற்றிய ஒரு படம் இருந்தது. அதைக் கதவோரம் சுவரில் சாத்தி வைத்தான். அது என்ன என்று அவள் கேட்கவில்லை. அவனும் பிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினான். காலையில் செலின் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்பான்.

"எனக்கு என்ன வேலை?"

"பாரு."

அவன் பார்த்தான்.

செலின் முதலில் கேன்வாஸைச் சுவர்ப் பக்கமிருந்து திருப்பி வைப்பாள். எதிரே ஸ்டூல் போட்டு உட்காருவாள். டம்ளரில் காபி ஆறிப்போகும்வரை அதையே பார்ப்பாள். பிறகு எழுந்து எங்கோ ஓரிடத்தில் சுரண்டுவாள். எங்கோ ஓரிடத்தில் பூசுவாள். ஒரு தோள் மேலே ஏறும். ஒரு சுவர் கீழே இறங்கும். முந்தின நாள் முழுசாக இருந்த ஆள் பாதியாகிவிடுவான்.

அவள் படங்களில் மனிதர்கள் இருந்தார்கள். கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாமல் இருந்தார்கள். ஒரு முதுகு. ஒரு குனிந்த தலை. சுற்றிலும் வீடா, படகா, வானமா என்று தெரியாத நிறங்கள்.

"இது ஆம்பளையா, பொம்பளையா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"நிக்கிற ஆள்."

"எங்க நிக்குது?"

"அதான் தெரியல."

அவன் அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஒரு நாள் பிற்பகல் அது நடந்தது.

அகலத் தூரிகையால் செலின் மஞ்சளை இழுத்தாள். வெயில் காய்ந்த சுவர் மாதிரி ஒரு மஞ்சள். அதன் ஓரத்தில் அந்த உருவம் இருட்டாக நின்றது. எங்கிருந்தோ சாயங்கால வெளிச்சம் உள்ளே வந்துவிட்டது போலிருந்தது.

புகழேந்தி எழுந்து நின்றுவிட்டான்.

"போதும். செலின், போதும். கைய எடு."

அவள் கையை எடுத்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"நல்லாவா? நான் இப்படி ஒண்ணு போட்டிருந்தா அதோட செத்துக்கூடப் போயிருப்பேன். இனிமே இதைத் தொடாதே. சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணவில்லை. தூரிகையைக் கழுவப் போனாள்.

மறுநாள் காலை அவன் வந்தபோது படத்தின் மஞ்சள் சுவரில் பாதி போயிருந்தது. செலின் அதன் மேல் சாம்பல் நிறத்தைப் பூசிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி!"

கூடமே அதிர்ந்தது.

"என்னடி பண்றே? நேத்து எவ்வளவு நல்லா இருந்துச்சு!"

"ஆமா. நல்லா இருந்துச்சு."

"பின்னே ஏன்?"

சாம்பல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"உனக்குத் திமிர். நிறைய வருதுல்ல, அதான். வராதவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்."

அவன் வெளியே போய்விட்டான்.

அரசலாற்றங்கரையோடு நடந்து கடற்கரைவரை போனான். மணலில் உட்கார்ந்தான். அன்றைக்கே பெங்களூர் பஸ்ஸில் ஏறிவிடுவது என்று முடிவு செய்தான். ஏறும் முன் ஒரு காரியம் பாக்கி இருந்தது. தான் கொண்டுவந்த படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் திரும்பி வந்தபோது செலின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் படத்தைத் தூக்கினான். கதவு வரை போனான். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து விரிப்பை உருவினான்.

"இதைப் பாரு. இதையும் சுரண்டுவியா நீ?"

செலின் பார்த்தாள்.

கடைசி வருடத்தில் அவன் பரிசு வாங்கிய படம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடிகிற நேரம். கரையேற்றிய ஒரு படகு. அதன் மேல் முதுகைச் சாய்த்து ஓர் இளைஞன் நின்றான். கட்டம் போட்ட சட்டை. மேல் உதட்டில் இன்னும் தடிக்காத மீசை. யாரோ ஏதோ சொல்லி, சிரிப்பை அடக்கப் பார்க்கிற வாய்.

"அன்வர்," என்றாள் செலின்.

அவள் எழுந்து கிட்டே வந்தாள். முகத்தைத் தொடப் போனவள், கையில் வண்ணம் இருந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

கல்லூரியில் அவர்கள் மூன்று பேர். செலின், புகழேந்தி, அன்வர். கீழக்கரைக்காரன். முதல் பஸ் பிடித்து மூவரும் காசிமேட்டுக்குப் போவார்கள். மீன் ஏலம் போடுகிறவர்களை, வலை உதறுகிறவர்களை, கூடை சுமக்கிறவர்களைக் கரியால் கிறுக்குவார்கள்.

"அந்தச் சட்டை," என்றாள் செலின். "வாரம் பூரா அதையே போட்டுக்கிட்டு வருவான்."

"கேட்டா, ரெண்டு இருக்குன்னு சொல்லுவான்."

"ஒரே மாதிரி ரெண்டு!"

இருவரும் சிரித்தார்கள்.

"அந்த மீன்காரம்மா ஞாபகம் இருக்கா?" என்றான் புகழேந்தி. "நான் போட்டதைப் பார்த்துட்டு என்ன திட்டு. 'எம் மூஞ்சியா இது, கருவாடு மாதிரி இருக்குது'ன்னு."

"அன்வர் போட்டதை மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போச்சு. அவன் அதுல மூஞ்சியே போடல. கூடையைத் தூக்கறப்போ இடுப்புல கை வெப்பா பாரு, அது மட்டும்தான் இருந்துச்சு. 'ஐய, நானேதான்'னுச்சு."

"அவன் உக்காந்து நான் பார்த்ததே இல்ல."

"உக்கார மாட்டான். சாஞ்சுதான் நிப்பான். செவுரு இருந்தா செவுரு. லாம்ப் போஸ்ட் இருந்தா லாம்ப் போஸ்ட்."

"எதுவும் இல்லாட்டி நம்ம மேல."

"ஆமா! பஸ்ஸுக்கு நிக்கறப்போ அப்படியே தூங்கிடுவான் படுபாவி."

கல்லூரி முடிந்த மறு வருடம் அன்வருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சேதி கிடைத்து இவர்கள் இருவரும் வழியில் சந்தித்து ரயில் ஏறி ராமநாதபுரம் போய், அங்கிருந்து கீழக்கரை போய்ச் சேர்ந்தபோது அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். அவனுடைய வாப்பா இவர்களைச் சாப்பிட வைத்தார். இலையருகே நின்று, "அவனுக்கும் மெட்ராஸ்ல நீங்கதான் சோறு போட்டீங்களாமே," என்றார். அந்தச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வருடக்கணக்காகவே பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பேசினால் இரண்டு பேர்தான் இருப்பார்கள்.

செலின் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கு இவன் முகமே மறந்துபோச்சு, புகழு. எவ்வளவு யோசிச்சாலும் வராது."

"பார்த்தியா?" புகழேந்தியின் குரல் உயர்ந்தது. "அதுக்குத்தான் சொல்றேன். நல்லா வந்ததை அப்படியே வெச்சிருக்கணும். நான் வெச்சிருக்கேன். அதான் இவன் இருக்கான்."

"எங்க மாட்டியிருந்தே?"

"ஹால்ல. டிவிக்கு மேல."

"தினம் பார்ப்பியா?"

"தினம் அங்கதானே இருந்துச்சு."

"இருந்துச்சு. நீ பார்ப்பியான்னு கேட்டேன்."

அவன் படத்தின் பக்கம் திரும்பினான்.

யோசித்துப் பார்த்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சட்டைக் கட்டத்தைப் புகழ்வார்கள். மடிப்பில் கட்டம் எப்படி வளைகிறது என்று அவன் காட்டுவான். வெள்ளையடித்தபோது கழற்றி மாட்டினான். கரையான் வந்ததா என்று சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். இங்கே கொண்டுவர விரிப்பில் சுற்றியபோது மூலைகள் நசுங்காமல் பார்த்துக்கொண்டான்.

அதில் அன்வரை எப்போது பார்த்தான் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.



புகழேந்தியின் கண் அவள் கேன்வாஸுக்குப் போனது. பாதி மஞ்சள், பாதி சாம்பல். நடுவே அந்த உருவம். ஒரு காலில் பாரம் போட்டு, ஒரு தோளைக் கீழே விட்டு நின்றது.

அவன் கிட்டே போனான்.

பிறகு சுவரோரம் சாத்தியிருந்த கேன்வாஸ்களிடம் போனான். ஒன்றைத் திருப்பினான். இன்னொன்றைத் திருப்பினான். ஒன்றில் நீலத்துக்குள் ஒருவன் சாய்ந்திருந்தான். ஒன்றில் கும்பல், கும்பலின் ஓரத்தில் ஒருவன் சாய்ந்திருந்தான். ஒன்றில் முழுக்கச் சிவப்பு. சாய எதுவுமே இல்லாமல் ஒருவன் சாய்ந்திருந்தான்.

"எல்லாம் அவனா?"

"முதல்ல தெரியல. என்னமோ ஒரு ஆள் வருதேன்னு விட்டுட்டேன். அப்புறம் தெரிஞ்சுது."

"இத்தனை வருஷமாவா?"

"தினம் வர்றான். வந்து நிக்கிறான். அவனுக்குச் சாய ஏதாவது வேணும்ல? அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

புகழேந்தி மெதுவாகக் கேட்டான். "அப்ப அந்த மஞ்சள் சுவர்?"

"அழகாத்தான் இருந்துச்சு," என்றாள் செலின். "ராத்திரி படுத்தப்புறம் யோசிச்சேன். அவன் முதுகுக்கு அது சரியா இல்ல."

வெளியே மீன் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

புகழேந்தி தன்னுடைய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு அதைத் தூக்கி அவளிடம் நீட்டினான்.

"நீ வெச்சுக்கோ. உனக்குத்தான் முகம் வேணும்."

"உனக்கு?"

அவன் படத்தை இன்னும் கிட்டே நீட்டினான்.

செலின் படத்தை வாங்கி உள் அறையில் வைத்துவிட்டு வந்தாள். மரத் தாங்கியில் ஒரு புதுக் கேன்வாஸை ஏற்றினாள். அவன் கையில் ஒரு கரித் துண்டைக் கொடுத்தாள்.

"போடு."

"யாரை?"

அவன் கரியை உயர்த்தினான். கை பழகிய வேகத்தில் கேன்வாஸுக்குப் போயிற்று. போய், தொடாமல் நின்றது. கண்ணை மூடினான். கட்டம் போட்ட சட்டை வந்தது. படகு வந்தது. தான் வரைந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அன்வர் வரவில்லை.

"வரமாட்டேங்குது, செலின்."



செலின் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். சட்டென்று உடம்பைத் தளர்த்தி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி, அவன் தோளில் சாய்ந்தாள்.

அவன் தடுமாறினான். சமாளித்து நின்றான்.

"இந்தப் பக்கம் இல்ல," என்றான். "இடது பக்கம்."

அவள் சுற்றிப் போய் இடது பக்கம் சாய்ந்தாள்.

கரி கேன்வாஸைத் தொட்டது.

"இன்னும் கொஞ்சம் கனமா," என்றான் புகழேந்தி.