சமூகத்தைப் பார்க்க ஆசைப்பட்ட ஆய்வேடு

ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில், இரும்பு அலமாரியில், தடித்த ஆய்வேடு ஒன்று குடியிருந்தது. அதன் பெயர் 'உயர்கல்வியால் சமூகம் அடையும் பயன்கள்'. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. தூக்கினால் கை வலிக்கும். படித்தால் தூக்கம் வரும்.

அது பிறந்த அன்று நல்ல விருந்து. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர்கள் சமோசாவைக் கடித்துக்கொண்டே, இது சமூகத்துக்குக் கிடைத்த கொடை என்று பாராட்டினார்கள். எழுதியவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது. அதோடு அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆய்வேடு மட்டும் அந்தப் பாராட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பக்கத்துக்குப் பக்கம் சமூகம் சமூகம் என்று சொன்னதே தவிர, சமூகத்தை அது கண்ணால் கண்டதில்லை. துணைவேந்தரைப் போலக் காரில் வந்து இறங்கும், தோளில் சால்வை இருக்கும், தன்னைக் கையில் எடுத்து நன்றி சொல்லும் என்று நினைத்துக்கொண்டிருந்தது. பாவம், அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பக்கத்திலேயே ஒல்லியாக இன்னோர் ஆய்வேடு இருந்தது. மலையடிவார ஊர்களின் கிணற்று நீரைப் பற்றியது. அட்டை கழன்று, தாள்கள் பிரிந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

"சமூகம் வருகை தரும் நேரத்தில் இந்தக் கோலத்தில் என் அருகில் நிற்காதே" என்றது தடித்தது.

"நான் எங்க நிக்கிறேன்? பாதி நாள் ஊர் ஊராத்தானே சுத்திக்கிட்டிருக்கேன்" என்றது ஒல்லி.

அந்த வாரம் நூலகர் அருள்ராயன் வந்து, இதுவரை யாரும் கையில் எடுக்காத ஆய்வேடுகள் எல்லாம் வெள்ளிக்கிழமை கிடங்குக்குப் போகும் என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். கிடங்குக்குப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அங்கே எலிகளுக்கு மட்டும்தான் வாசிக்கும் பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் சமூகம் வந்துவிட வேண்டுமே என்று தடித்த ஆய்வேடு தவியாய்த் தவித்தது.

வியாழக்கிழமை ஓர் அம்மாள் மூச்சுவாங்க மாடியேறி வந்தார். பெயர் ஒச்சம்மாள், முள்ளுக்கரடு ஊராட்சியின் வார்டு உறுப்பினர். கையில் ஒரு வயர் கூடை. தடித்த ஆய்வேடு ஒரு கணம் நிமிர்ந்தது. சால்வை இல்லாததைப் பார்த்துத் தளர்ந்தது.

"சார், அந்தக் கெணத்துத் தண்ணிப் புத்தகத்தக் குடுங்க" என்றார் ஒச்சம்மாள். "அதக் காட்டித்தான் பக்கத்து ஊருல குழாய் வாங்குனாங்க. எங்க புள்ளைகளுக்கும் அந்தத் தண்ணியக் குடிச்சுப் பல்லெல்லாம் காவியேறிப் போச்சு."

ஆய்வேடுகளை வெளியே விடுவது வழக்கமில்லை. ஆனால் தண்ணீர் விஷயம் என்றால் அருள்ராயன் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார். ஒல்லியை எடுத்தார்; தாள்கள் நழுவின. பஸ்ஸில் போனால் காற்றில் பறந்துவிடும் என்று சுற்றுமுற்றும் பார்த்தவர், கனமாகவும் கெட்டியாகவும் இருந்த தடித்ததை உருவி அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தார்.

அப்படித்தான் அது முதன்முதலாக வெளியே வந்தது. பஸ்ஸில் ஒச்சம்மாளின் மடியில், முதுகில் ஒல்லியைச் சுமந்தபடி. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிடங்கு இல்லையே என்று தேற்றிக்கொண்டது.

முள்ளுக்கரட்டில் மேல்நிலைத் தொட்டியடியில் குடிநீர்த் துறை அதிகாரி வந்து காத்திருந்தார். சுற்றிலும் காலிக் குடங்களோடு பெண்கள். ஒச்சம்மாள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக் கட்டைப் பிரித்ததும் அதிகாரியின் கை நேராகத் தங்க எழுத்துக்குத்தான் போனது. தடித்ததை மரியாதையோடு திறந்தார். அதுவரை ஒருவரும் வளைக்காத முதுகு மடமடவென்று முறிந்தது. ஆய்வேட்டுக்குப் புல்லரித்துப் போயிற்று. இவர்தான் சமூகம், காரில்தானே வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டது.

அதிகாரி புரட்டினார், மேலும் புரட்டினார். ஊர்ப் பெயர் ஒன்றும் கண்ணில் படவில்லை. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"அது தாளு பறக்காம அணைவுக்கு வச்சது சார்" என்றார் ஒச்சம்மாள். "விசயம் மேல கட்டியிருந்துச்சு."

ஆய்வேட்டுக்கு வலித்தது. இத்தனை பக்கம் இருந்தும் இந்த ஊர் தன்னிடம் இல்லையே என்று முதல் தடவையாக வெட்கப்பட்டது. அதிகாரி அதை ஒச்சம்மாளின் மடியிலேயே வைத்துவிட்டு, ஒல்லியின் தாள்களை ஒவ்வொன்றாக நின்று படித்தார். படித்து முடித்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தால் இந்த மாதமே மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். யாரோ ஓடிப்போய்ப் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்தார்கள். ஒச்சம்மாள் மடியிலிருந்த தடித்ததன் மேல் பேப்பரை விரித்து எழுதத் தொடங்க, பெண்கள் குடங்களை வைத்துவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இதில் சமூகம் யார்?" என்று தடித்தது மெதுவாகக் கேட்டது. அதன் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"இப்ப உன் மேல வச்சு மனு எழுதிக்கிட்டிருக்கே, அதுதான்" என்றது ஒல்லி.

எழுத்து கோணிவிடக் கூடாதே என்று ஆய்வேடு மூச்சுவிடாமல் அசையாமல் இருந்தது.