காலாட்டம் யாருடைய ஆட்டம்?

ஒரு குளம் இருந்தது. அதன் மேற்குக் கரை புள்ளிமான்களின் நாடு. கிழக்குக் கரை மந்திகளின் நாடு.

மான்களுக்குக் கவையன் என்பவன் தலைவன். தலைவன் என்றதும் வயதில் மூத்தவன், அனுபவசாலி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். அந்த வருஷம் அவன் கொம்புதான் மந்தையிலேயே பெரிதாகக் கிளைவிட்டிருந்தது. அதைப் பார்த்துத் தலைவனாக்கிவிட்டார்கள். தலைக்கு மேலே இருந்ததைப் பார்த்தார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

தினமும் விடிந்ததும் மந்திகள் குளத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்கு வரும். அங்கே நாவல் மரங்களில் ஏறிக் கொழுந்து தின்னும். மந்தி ஒழுங்காகத் தின்று எங்கே பார்த்திருக்கிறோம்! பாதி வாய்க்குள் போகும், பாதி கீழே விழும். விழுந்ததை மான்கள் மேயும். சிறுத்தை புல்லில் பதுங்கி வந்தால், உச்சிக் கிளையில் இருக்கும் மந்தி "கக்! கக்!" என்று கத்தும். உடனே மான்கள் காதை நிமிர்த்திக்கொண்டு ஓட்டம் பிடிக்கும். சிறுத்தையின் வாடை காற்றில் வந்துவிட்டால் மான்கள் முன்னங்காலால் தரையைத் தட்டும். தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் மந்திகள் மரத்துக்குத் தாவிவிடும். மந்திக்குக் கண், மானுக்கு மூக்கு. இரண்டும் சேர்ந்துதான் இத்தனை காலம் உயிரோடு இருந்தன.

கவையனுக்கு மந்திகளில் ஒரு நண்பன் உண்டு. பெயர் கருமுகன். கவையனின் காதில் ஒட்டிய உண்ணிகளைப் பொறுக்கி எடுப்பது அவன்தான். அந்த நேரத்தில் கவையன் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போய் நிற்பான்.

இரண்டு நாட்டிலும் ஒரு பந்து விளையாட்டு இருந்தது. தூக்கணாங்குருவி கைவிட்ட கூட்டில் இலவம்பஞ்சைத் திணித்து, கோரையால் இறுக்கிக் கட்டினால் பந்து. மான்களின் நாடு சமதளம். பந்து நன்றாக உருளும். அதனால் மான்கள் குளம்பால் உதைத்து ஆடின. மந்திகளின் நாடு முழுக்கப் பாறையும் முள்ளும். உருட்டினால் பந்து கிழிந்துவிடும். அதனால் மந்திகள் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடின. மான்கள் தங்கள் ஆட்டத்தைக் காலாட்டம் என்றன. மந்திகளும் தங்கள் ஆட்டத்தைக் காலாட்டம் என்றே சொல்லிவந்தன.

வருஷத்துக்கு ஒரு முறை, கோடையில் தண்ணீர் வற்றிக் குளத்தின் நடுவே மணல் திட்டு தெரியும்போது, இரண்டு நாடும் அங்கே கூடி ஆடும். முதல் பாதி மான்களின் முறைப்படி. அடுத்த பாதி மந்திகளின் முறைப்படி. கடைசியில் யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் பசி எடுக்கும், கலைந்து போய்விடுவார்கள்.

அந்தக் கோடையிலும் மணல் திட்டு தெரிந்தது. நாரை பாறைமேல் நின்று அறிவித்தது.

"எல்லாரும் கேளுங்க! நாளைக் கழிச்சு மணல் திட்டுல காலாட்டம்!"

சேற்றில் படுத்திருந்த காட்டுப்பன்றி தலையைத் தூக்கிக் கேட்டது.

"எந்தக் காலாட்டம்? உதைக்கிறதா, தூக்கிட்டு ஓடுறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கவையனுக்கு மட்டும் சுருக்கென்றது. தன் ஆட்டத்தைப் போய் 'எந்த' என்று கேட்பதா!

"ரெண்டு காலாட்டம் ஏது? காலால ஆடுறது நாங்கதான்! அது மட்டும்தான் காலாட்டம்!" என்றான். அதோடு விட்டிருக்கலாம். மேலே பார்த்து, "டேய் கருமுகா! பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறீங்க, அதுக்குப் பேரு காலாட்டமா? உங்க ஊர்ல கையெது காலெதுன்னு தெரியாதா?" என்றும் கேட்டான்.

மான்கள் விழுந்து விழுந்து சிரித்தன. கருமுகன் சிரிக்கவில்லை. கிளையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எங்க ஆட்டத்துக்கு எங்க முன்னோருங்க வச்ச பேருடா அது. உன் பேரை நான் கேட்டேனா? என் பேரை நீ ஏன் பிடுங்குற?"

நாரை இடையில் புகுந்தது.

"அட, விடுங்கப்பா! நானும் நாடு நாடாப் பறக்குறேன். சதுப்பு நிலத்து எருமைங்க இதையே முட்டுன்னு சொல்லுது. மலைக்கரடிங்க உருட்டுன்னு சொல்லுது. கடலோரத்து நண்டுங்களும் காலாட்டம்னுதான் சொல்லுது. பேருக்காக நண்டு சண்டைக்கு வந்தா அதுக்குப் பத்துக் காலு, உன் நாலு கால் எந்த மூலைக்கு?"

இந்த முறை மந்திகள் சிரித்தன. கவையனுக்கு முகம் சிவந்தது. தலைவன் ஆயிற்றே, நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா?

"நண்டு கதை எனக்கெதுக்கு? இன்னையிலேர்ந்து உங்களுது கையாட்டம்! அப்படிச் சொல்றவங்க மட்டும் இந்தக் கரைக்கு வந்தாப் போதும்!"

மான்கள் குளம்பைத் தட்டி ஆரவாரம் செய்தன. அந்த ஆரவாரம் கவையனின் காதுக்கு இனித்தது. கருமுகன் மரத்தை விட்டு இறங்கினான். மற்ற மந்திகளும் அவன் பின்னால் போயின. அவன் பத்தடி போகும்வரை கவையன் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அப்போதாவது ஒரு குரல் கொடுத்திருந்தால் அவன் திரும்பி வந்திருப்பான். கவையன் கூப்பிடவில்லை.

அந்த வருஷம் மணல் திட்டில் ஆட்டம் நடக்கவில்லை. கூச்சல்தான் நடந்தது.

கிழக்குக் கரையிலிருந்து மந்திகள் கத்தும். "உதையாட்டக்காரனுங்களே! கையில்லாத பசங்களே!"

மேற்குக் கரையிலிருந்து மான்கள் பதில் கொடுக்கும். "கையாட்டக்காரனுங்களே! கையெது காலெதுன்னு தெரியாத கூட்டமே!"

காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இதே வேலை. மான்களுக்கு மேய்ச்சல் குறைந்தது. மந்திகளுக்கு நாவல் கொழுந்து இல்லாமல் வயிறு காய்ந்தது. ஆனால் வாய் மட்டும் இரண்டு பக்கமும் ஓயவில்லை.

கவையனுக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் துள்ளி. மந்தையிலேயே அவளைப்போலப் பந்தை உதைக்க ஆள் கிடையாது. அவள் உதைத்தால் பந்து வளைந்து போய்ச் சரியான இடத்தில் நிற்கும். ஆட்டத்தில் அண்ணனின் இடப்பக்கம் ஓடிவந்து, அவன் தள்ளிவிடும் பந்தை வாங்குவதும் அவள்தான். ஒருநாள் அவள் அண்ணனிடம் வந்தாள்.

"அண்ணா, மரத்துமேல யாருமே இல்ல. குனிஞ்சு மேயவே பயமா இருக்கு."

"நமக்கு மூக்கு இல்லையா? அது போதும்!"

"காத்து எதிர்ப்பக்கமா வீசினா மூக்கு என்ன செய்யும்? நீ ஒரு தடவை அந்தக் கரைக்குப் போய்ப் பேசிட்டு வாயேன்."

"நானா? நான் போய்க் கால்ல விழணுமா?"

கவையனுக்கு எரிச்சல் வந்தது. அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால் வந்த எரிச்சல் அது. அன்றே மந்தையைக் கூட்டி ஒரு சட்டம் போட்டான்.

"அந்தக் கரையிலேர்ந்து என்ன சத்தம் வந்தாலும் யாரும் காதைத் திருப்பக் கூடாது! திருப்பினவங்களுக்கு இனி நம்ம ஆட்டத்துல இடம் கிடையாது!"

துள்ளிக்கு ஆட்டம்தான் உயிர். அவள் காதைத் தாழ்த்திக்கொண்டாள்.

நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் காலையில் காற்று மான்களின் முதுகுப் பக்கமிருந்து முன்னால் வீசிக்கொண்டிருந்தது. முன்னால் உயரமான புல். அந்தப் புல்லுக்குள் சிறுத்தை வயிற்றைத் தரையில் இழைத்துக்கொண்டு வந்தது. அதற்கு மான்களின் வாடை நன்றாகக் கிடைத்தது. மான்களுக்கு அதன் வாடை கிடைக்கவில்லை.

கிழக்குக் கரைப் பாறை உச்சியில் உட்கார்ந்திருந்த கருமுகன், புல் அசைவதைப் பார்த்துவிட்டான்.

"கக்! கக்! கக்!"

"ஆரம்பிச்சுட்டானுங்கடா, விடிஞ்சதும் விடியாததுமா!" என்று ஒரு மான் சொன்னது. மற்றவை சிரித்தன.

"கவையா! புல்லைப் பாருடா! கவையா!"

தன் பெயர் கவையனுக்குக் கேட்டது. கருமுகனின் குரல்தான் என்றும் தெரிந்தது. இன்றைக்குப் புதுசாக ஏதோ ஏசுகிறான் என்று நினைத்துக் குனிந்து மேய்ந்தான்.

புல்வெளி ஓரத்தில் நின்ற துள்ளியின் இடது காது மெல்ல எழுந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள். கவையன் முறைத்தான். காது மறுபடி தாழ்ந்தது.

அடுத்த நொடி சிறுத்தை பாய்ந்தது.

மந்தை நாலா பக்கமும் சிதறி ஓடியது. ஓடி நின்று எண்ணிப் பார்த்தபோது ஒருத்தி குறைந்தாள். புல்வெளி ஓரத்தில் அவள் நின்ற இடம் வெறுமையாக இருந்தது.

கருமுகன் குளத்தைச் சுற்றி ஓடி வந்து சேர்ந்தான். முள்ளில் ஓடியதில் அவன் உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது. மேற்குக் கரைக்குப் போகக் கூடாது என்று மூத்த மந்திகள் தடுத்தும் அவன் கேட்கவில்லை.

"எத்தனை தடவைடா கத்தினேன்!" என்று கவையனைப் பிடித்து உலுக்கினான்.

"கேட்டுச்சுடா," என்றான் கவையன். "எனக்குக் கேட்டுச்சு. அவளுக்கும் கேட்டுச்சு. நான்தான் அவளை முறைச்சேன்."

கருமுகன் திட்டவில்லை. வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். கவையன்தான் பேச்சை எடுத்தான்.

"கருமுகா, உங்க ஆட்டத்துக்கு ஏண்டா காலாட்டம்னு பேரு?"

"எங்க குட்டிங்க பொறந்ததும் அம்மா வயித்தைக் கட்டிக்கிட்டு மரத்துலயே கிடக்கும். தரையைக் கண்டாலே நடுங்கும். ஒருநாள் அம்மா அதைக் கீழ இறக்கி, கையில பந்தைக் கொடுத்து, ஓடுன்னு சொல்லுவா. பந்து கிடைச்ச சந்தோஷத்துல பயம் மறந்து குட்டி ஓடிரும். முதல் தடவையா தரையில கால் ஊனுறது அன்னைக்குத்தான். அதனால எங்களுக்கு அது காலாட்டம்."

கவையன் கருமுகனின் கிழிந்த உள்ளங்கையைப் பார்த்தான்.

"இதை ஏண்டா நீ அன்னைக்கே சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட?"

"துள்ளிகிட்ட சொல்லியிருந்தா அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்," என்றான் கவையன்.

மறுநாள் மந்திகள் திரும்பி வந்து மரங்களில் ஏறின. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மான்கள் தங்கள் ஆட்டத்தைக் காலாட்டம் என்றே சொல்லின. மந்திகளும் அப்படியே சொல்லின. காட்டுப்பன்றி இரண்டையும் உதை என்றது. நாரை எல்லாப் பெயர்களையும் சுமந்துகொண்டு நாடு நாடாகப் பறந்தது. ஒரே பந்து விளையாட்டுக்கு இன்றும் நாட்டுக்கு நாடு வேறு வேறு பெயர் இருக்கிறதே, அதை யாரும் மாற்றச் சொல்லிக் கேட்பதில்லை. பெயர் பலவாக இருப்பதால் ஒரு பந்தும் உருளாமல் நின்றுவிடவில்லை.

கவையன் தலைமையை விட்டுவிட்டான். அடுத்த கோடையில் மணல் திட்டில் மறுபடி ஆட்டம் நடந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கவையனும் ஆடினான். பந்து தன்னிடம் வரும்போதெல்லாம், வழக்கம்போல இடப்பக்கம் தள்ளிவிடுவான். அந்தப் பக்கம் ஓடிவந்து வாங்க யாரும் இல்லை என்பது பந்து போன பிறகுதான் அவனுக்கு நினைவு வரும்.

பிறர் வைத்த பெயரின் காரணத்தைக் கேட்காமல் கேலி செய்கிறவன், ஆபத்து நேரத்தில் நண்பன் கொடுக்கும் குரலையும் கேட்காமல் போவான்.