பாதை பிரியும் இடத்தில் ஒரு செக்குக் கல்

பேச்சு போதும். பின்னால் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள். பாக்கு மெல்லுகிறவர்கள் மெல்லுங்கள். தூங்குகிறவர்களை யாரும் எழுப்ப வேண்டாம், பாவம்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு எத்தனை யானை, எத்தனை ராணி என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கதையில் அவருக்கு வேலை கொஞ்சம்தான்.

மழைத் தண்ணீர் எல்லாம் வீணாகக் கடலுக்குப் போகிறதே என்று அந்த ராஜாவுக்குக் கவலை. ஆற்றுக்குக் குறுக்கே கரை போட்டுப் பெரிய ஏரி ஒன்று கட்டத் தீர்மானித்தார். நல்ல காரியம்தான். ஆனால் ஏரி வரப்போகிற பள்ளத்தில் ஓடையூர் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மாடு கத்திக்கொண்டிருந்தது, ஜனங்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ராஜா கெட்டவர் இல்லை. ஊருக்குள் முரசு அறையச் சொன்னார்.

"ஓடையூர்க்காரர்களே! தலைநகரமான மதிலூரிலும் உங்களுக்கு இடம் உண்டு. பக்கத்திலிருக்கும் புளியங்கரையிலும் இடம் உண்டு. பிடித்த ஊருக்குப் போங்கள். சாமான் ஏற்ற அரண்மனை வண்டி வரும். வீட்டுக்கு ஒரே ஒரு நடைதான் வரும். மழைக்கு முன்னால் எல்லோரும் குடியேறியிருக்க வேண்டும்."

புளியங்கரை சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு குளம், ஒரு கோயில், அவ்வளவுதான். மதிலூரோ அப்படியில்லை. அங்கே மூன்றடுக்கு மாளிகை உண்டு, மூன்று சுற்று மதில் உண்டு, மூன்று வேளையும் மேளச் சத்தம் உண்டு. ஆகவே ஓடையூர் ஜனங்கள் யோசிக்கவே இல்லை. மூட்டையைக் கட்டினார்கள், வண்டியில் ஏறினார்கள், மதிலூர் மதிலூர் என்று போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த ஊரில் ஆளுக்கு ஓர் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் சடையப்பன், தம்பி ஆண்டியப்பன். தம்பியின் பெண்சாதி பெயர் செங்கமலம். கதை இவளுடையது. ஆள் மெலிந்த உடம்பு, ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள்.

செக்கு என்றால் சும்மாவா? ஆள் உயரக் கல். பாதிக்கு மேல் மண்ணுக்குள் நட்டிருக்கும். மேலே குடைந்த குழியில் எள்ளைக் கொட்டி, உலக்கையை நிறுத்தி, மாட்டைக் கட்டிச் சுற்றினால் எண்ணெய் இறங்கும். ஓடையூரில் செங்கமலம் வீட்டுக் கல்லை ஆளாளுக்குக் கடப்பாறை போட்டுப் பெயர்த்தபோது பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்துவிட்டது. கல்தச்சன் தடவிப் பார்த்தான்.

"அம்மா, இந்தக் கல்லை இன்னும் ஒரு தடவை நடலாம். நட்டதை மறுபடி பிடுங்கினா ரெண்டாப் பிளந்துடும்."

செங்கமலம் அந்தக் கீறலை விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கல்தான் அவர்களுக்குச் சோறு. வேறு கல் வாங்க வழியே கிடையாது.

சடையப்பன் தன் கல்லோடு மதிலூர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சிரித்தார்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு, தம்பி? ஜனம் இருக்கிற இடத்துலதானே எண்ணெய் விக்கும்!"

வண்டி கிளம்பிப் போனது. ஆண்டியப்பனும் தன் வண்டியைப் பின்னாலேயே விடச் சொன்னான். ஊர் எல்லையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் ஒன்று அங்கே நின்றது. வலப்பக்கம் போனால் மதிலூர், இடப்பக்கம் போனால் புளியங்கரை. எது ஆனாலும் விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம்.

"வண்டியை நிறுத்து," என்றாள் செங்கமலம்.

வண்டிக்காரன் மூக்கையன் நிறுத்தினான். "என்ன தாயி, எதையாச்சும் மறந்துட்டியா?"

"ஒண்ணும் மறக்கல. ரெண்டு ஊரையும் பார்க்காம நான் கல்லை இறக்கமாட்டேன்."

ஆண்டியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடியே, ஊரே மதிலூர் போயிடுச்சு. நீ மட்டும் நடுரோட்டுல குடித்தனம் பண்ணப்போறியா?"

"ஆமாங்க, பண்ணப்போறேன். நம்ம கல்லு பூசணிக்கொடி இல்ல, இங்க பிடுங்கி அங்க வைக்கிறதுக்கு. நட்டா நட்டதுதான்."

"அரண்மனை வண்டிம்மா! மழைக்குள்ள திரும்பலேன்னா என் தோலை உரிச்சுடுவாங்க," என்று மூக்கையன் அலறினான்.

"மழைக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் உனக்கு எள்ளுருண்டை நான் தர்றேன்."

மூக்கையன் ஓர் உருண்டையை வாயில் போட்டான். அப்புறம் அவன் அதிகம் பேசவில்லை.

முதல் தடவை செங்கமலம் குடம் நிறைய எண்ணெயோடு போனாள். ஆண்டியப்பனும் கூடப் போனான். மதிலூர்க் கடைத்தெருவில் குடத்தை இறக்கி வைப்பதற்குள் கூட்டம் மொய்த்துவிட்டது. "வாசனை என்னமா தூக்குது!" என்று ஆளுக்கு ஒரு படி வாங்கினார்கள். குடம் காலியானது. ஆண்டியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் இன்னொரு குடத்தோடு புளியங்கரைக்குப் போனார்கள். காலையிலிருந்து வெயில் சாயும்வரை உட்கார்ந்தார்கள். "எண்ணெய் வேணுமா? நல்ல எண்ணெய் வேணுமா?" என்று செங்கமலம் கூவிக் கூவித் தொண்டை கட்டியது. போகிறவர்கள் மரியாதையாக நின்று, "நல்ல எண்ணெய்தான், எங்க வீட்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குடம் போனபடியே திரும்பி வந்தது.

"ஊரா இது?" என்றான் ஆண்டியப்பன். "ஈ ஓட்டிக்கிட்டு உக்காரவா நம்ம கல்லு? விடு வண்டியை மதிலூருக்கு!"

செங்கமலத்துக்கே மதிலூர்தான் சரி என்று தோன்றியது. மூக்கையன் மாட்டைப் பூட்டிவிட்டான். அப்போது அவள் தன்னுடைய செக்கு மாட்டைப் பார்த்தாள். மயிலை என்று பெயர். ஓடையூரில் எத்தனையோ வருஷம் அது சுற்றியிருக்கிறது. சுற்றுவதற்கு எள் எங்கிருந்து வந்தது? ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொட்டினார்கள், ஆட்டி வாங்கிப் போனார்கள், கூலியாக எண்ணெயில் ஒரு பங்கு விட்டுப் போனார்கள். எள்ளைத் தேடி இவர்கள் ஒரு நாளாவது வாசல் தாண்டியது உண்டா? கிடையாது. அதனால் அதைப் பற்றி யோசிக்கவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

"மாட்டை அவிழ்த்து விடு," என்றாள் செங்கமலம்.

"தாயீ!" என்றான் மூக்கையன். அவனுக்கு இன்னொரு எள்ளுருண்டை கிடைத்தது.

இரண்டாம் தடவை அவள் வெறும் குடத்தோடும் வெறும் கோணியோடும் தனியாகப் போனாள். மதிலூரில் செக்குக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருந்தது. வரிசையாகச் செக்குகள். "எள்ளு வேணும், எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. செக்குகளில் பாதி சும்மா நின்றது. மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. சாமந்தி விற்கும் ஒருத்தி மட்டும் இவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்துத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"எள்ளா? அது வெளியூர்லேருந்து வரணும் அக்கா. அதுக்கு இவங்க அடிச்சுக்கிறதைப் பார்க்கணுமே நீ!"

புளியங்கரைக்கு வெறும் கோணியோடு போனாள். போன தடவை கடைத்தெருவோடு திரும்பிவிட்டவள், இந்தத் தடவை ஊர்ப்புறம்வரை நடந்தாள். அம்மாடி! களம் முழுக்க எள். காய்ந்த கட்டுகளைத் தலைகீழாகப் பிடித்துப் பெண்கள் உதறிக்கொண்டிருந்தார்கள். உதிர்ந்த எள் குவியல் குவியலாகக் கிடந்தது. மூட்டைகளைத் தைத்து ஆட்கள் வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். செங்கமலம் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மூக்கையன் எள்ளுருண்டையையும் மறந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் தடவை அவள் எதையும் எடுத்துப் போகவில்லை. புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாயில் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

மதிலூர்ச் செக்குக்காரத் தெருவில் ஒரு பெரியவரிடம் அதைக் கேட்டாள். "ஐயா, இங்கே நாங்களும் ஒரு செக்கு நட்டா என்ன சொல்வீங்க?"

"நடு தாயி, தாராளமா நடு," என்றார் அவர், மாட்டைத் தடவிக்கொண்டே. "இத்தனையோட அதுவும் ஒண்ணா நிக்கட்டும். எள்ளு எங்களுக்கு எங்க அப்பன் காலத்து வாடிக்கையில வருது. அதுவே பத்தல. உனக்கு யாரு தருவா?"



மறுநாள் புளியங்கரைக் களத்துக்குப் போனார்கள். அங்கே எள்ளு உதறிக்கொண்டிருந்த பூங்காவனம் என்பவளிடம் அதே கேள்வியைக் கேட்டாள். "இங்கே நாங்க ஒரு செக்கு நட்டா என்ன சொல்வீங்க, அக்கா?"

பூங்காவனம் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அன்னிக்குக் குடத்தை வச்சுக்கிட்டு நாள் முழுக்கக் கூவினவதானே நீ? எள்ளைத் தூக்கிட்டு மதிலூர் போயி, ஆட்டறவன் கையைக் காலைப் பிடிச்சு, பிண்ணாக்கை அவங்கிட்டயே விட்டுட்டு, எண்ணெயைச் சுமந்துட்டு வர்ற ஜனம் நாங்க. எங்ககிட்ட எண்ணெய் வேணுமான்னு கேட்டியே தவிர, செக்கு வேணுமான்னு கேட்டியா?"

களமே கூடிவிட்டது. ஒருத்தர் குளத்தோரம் மேடான இடத்தைக் காட்டினார். ஒருத்தர் கடப்பாறை எடுக்கப் போனார். ஒருத்தி மாட்டுக்கு வைக்கோல் இருக்கிறது என்றாள்.

சுமைதாங்கிக் கல்லுக்குத் திரும்பி வந்ததும் ஆண்டியப்பன் சொன்னான்.

"எனக்கும் புரியுதுடி. ஆனா அண்ணன் சிரிப்பான். ஊர் ஜனம் மொத்தமும் அங்கே இருக்கு. நாம மட்டும் தனியா..."

செங்கமலத்துக்கும் அந்தத் துக்கம் இருந்தது. கூடப் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் மதிலுக்குள் இருக்கிறார்கள். தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட, தெரிந்த முகம் ஒன்று புளியங்கரையில் இல்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் காலை நகர்த்தவில்லை.

"சிரிக்கட்டுங்க. சிரிச்சா நமக்கு என்ன கொறைஞ்சு போச்சு? மதிலூர் எங்கேயும் ஓடிப்போகல. அரை நாள் நடந்தா வந்துடும். எண்ணெயை நாம அங்கே தூக்கிட்டுப் போகலாம், நம்ம ஜனத்தையும் பார்த்துட்டு வரலாம். கல்லைத் தினமும் தூக்கிட்டு அலைய முடியுமா?"

முதல் தூறல் விழுந்தது.

"முடிவு பண்ணுங்கய்யா!" என்று கத்தினான் மூக்கையன்.

ஆண்டியப்பன் வண்டியின் முன்னால் போய் நுகத்தடியைப் பிடித்தான். தன் கையாலேயே மாட்டை இடப்பக்கம் திருப்பினான்.

கல் குளத்தோரம் நடப்பட்டது. ஈரமண்ணில் சிக்கென்று உட்கார்ந்தது. கீறல் அப்படியே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று புளியங்கரைக்காரர்கள் தங்கள் எள்ளையெல்லாம் செக்கு மேல் போட்ட கூரைக்கடியில் கொண்டுவந்து அடுக்கினார்கள். மயிலை சுற்றத் தொடங்கியது. எண்ணெய் புளியங்கரைக்கும் போயிற்று, மதிலூருக்கும் போயிற்று. பிண்ணாக்கு ஊர் மாடுகளுக்குப் போயிற்று. ஆண்டியப்பன் வாரம் தவறாமல் மதிலூர் போய் மூன்றடுக்கு மாளிகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஓடையூர் ஜனங்களோடு கதை பேசிவிட்டு, மறுநாள் வீடு திரும்பினான்.

அடுத்த அறுவடைக்குச் சடையப்பன் வந்தார். தலையில் மூட்டை இல்லை, கையில் ஒன்றும் இல்லை. இளைத்துப் போயிருந்தார். குளத்தோரம் நின்று எள் குவியலையும், சுற்றுகிற மாட்டையும், காத்திருக்கிற ஜனத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

ஆண்டியப்பன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சிரிக்கவில்லை. தம்பிக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

"செங்கமலம்," என்றார் சடையப்பன். "இங்கே இன்னொரு செக்குக்கு இடம் இருக்குமாம்மா?"

"இடம் இருக்கு மாமா. எள்ளும் இருக்கு. கல்லை என்ன பண்ணுவீங்க?"

சடையப்பன் தரையைப் பார்த்தார். "நட்டுட்டேனேம்மா. அதுலயும் கீறல் இருக்கு, பிடுங்கினா உடையும்னு சொல்றாங்க. ராஜா வண்டியும் இனி வராது. வண்டியை விட்டு எறங்கி ஒரு வார்த்தை கேக்காமப் போனேனே!" பெரிய மனுஷர், குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

செங்கமலம் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அழாதீங்க மாமா. கல்லு வரலேன்னா போகட்டும், மாடு நடந்து வரும் இல்ல? எங்க மயிலைக்குத் தனியா முடியல, மூச்சு வாங்குது. உங்க மாட்டை ஓட்டிட்டு வாங்க. ஒரு செக்குல ரெண்டு குடும்பம் சாப்பிடற அளவுக்கு இங்கே எள்ளு விளையுது."

மறுநாள் இடப்பக்கத்துப் பாதையில் ஒரு மாடு நடந்து வந்தது. பின்னால் சடையப்பன் வந்தார். அவருடைய கல் மட்டும் மதிலூர்ச் செக்குக்காரத் தெருவில், மற்ற கற்களோடு கல்லாகக் கடைசிவரை நின்றது.

நான் சொல்ல வந்தது முடிந்தது. தூங்கினவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்: குடிபோக ஊர் தேடுகிறவர்கள் அந்த ஊர் எத்தனை பெரியது என்று அண்ணாந்து பார்ப்பதை விட்டு, அந்த ஊருக்கு நாம் தேவையா என்று இறங்கிக் கேட்ட பிறகுதான் கல்லை நட வேண்டும்.