காக்கா தொடாத புளிக்குழம்பு

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. பேரு ஆவுடை. ராஜா எங்கேன்னு கேக்காதே. ராஜா கதை சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு, இன்னிக்கு மருமகதான். காலை ஆட்டாம படு. நான் நிறுத்தறப்ப நீ 'ம்' சொல்லணும். சொல்லலைன்னா எழுந்து போயிடுவேன், எனக்குப் பாத்திரம் கிடக்கு.

— ம்.

ஆவுடைக்கு ஒரு மாமியார், உலகம்மா. உலகம்மாவுக்கு மூணு பிள்ளைங்க. பெரியவரு சங்கரலிங்கம், பம்பாயில. நடுவுல குத்தாலம், மெட்ராஸ்ல. கடைசிப் பிள்ளை செல்லப்பா, அம்மாகூட உள்ளூர்லயே இருந்தாரு. அவருதான் ஆவுடையோட வீட்டுக்காரரு. அப்புறம் என்னாச்சு, உலகம்மா எண்பது வயசுல ஒருநாள் படுத்த படுக்கையிலயே போய்ச் சேர்ந்துட்டா. ஒரு வருஷமும் ஓடிப்போச்சு. தலைத் திவசம் வந்துச்சு.

திவசம்னா, செத்தவங்களுக்கு அவங்களுக்குப் பிடிச்சதை எல்லாம் சமைச்சு, குளிச்சு முழுகி, இலை போட்டுப் படைக்கிறது. அப்புறம் அதுல ஒரு கை எடுத்து மொட்டைமாடிச் சுவர்ல வைக்கணும். காக்கா வந்து தின்னாத்தான் செத்தவங்க மனசு நெறைஞ்சுதுன்னு அர்த்தம். காக்கா தின்ன பிறகுதான் வீட்ல மத்தவங்க சாப்பிடலாம். அதுவரைக்கும் பச்சைத் தண்ணி கிடையாது. உப்புப் பாக்கக்கூட ஒரு சொட்டு நாக்குல வைக்கக் கூடாது.

— காக்கா வரலைன்னா?

அதான் கதை. அவசரப்படாதே.

திவசத்துக்கு முதல் நாளே பிள்ளைங்க வந்து இறங்கியாச்சு. ஆளுக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு ருசி. கூடத்துல உக்காந்த உடனே பெரியவரு ஆரம்பிச்சாரு.

"அம்மா வைக்கிற புளிக்குழம்பு! முப்பது வருஷமாச்சு நான் அதைச் சாப்பிட்டு. இன்னும் நாக்குலயே நிக்குது. முதல்ல சுள்ளுனு உப்பும் உறைப்பும், கடைசியில நாக்கு நுனியில லேசா ஒரு தித்திப்பு. ஆகா! அந்தக் கை இனி யாருக்கு வரும்?"

முப்பது வருஷத்துல அம்மாவைப் பாக்க அவரு வந்தது ஏழு தடவை. அது நாக்குல நிக்கல.

உடனே குத்தாலம், "போண்ணே! அம்மான்னா கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை எல்லாம் ஒண்ணாப் போட்டுக் கிளறுவா. அதுல ஒரு பொகை வாசம் வரும் பாரு, விறகுப் பொகை மாதிரி. மெட்ராஸ்ல எந்த ஓட்டல்லயும் கிடைக்காது"ன்னு கண்ணை மூடிக்கிட்டாரு.

நம்ம செல்லப்பா சும்மா இருப்பாரா? "சொதி! தேங்காப்பால்ல அம்மா வைக்கிற சொதி! அவ போகிற வாரம்வரைக்கும் நான் சாப்பிட்டேன்ல. நீங்க எல்லாம் குடுத்து வைக்கல"ன்னாரு.

அடுப்படி வாசல்ல நின்னு ஆவுடை கேட்டுக்கிட்டே இருந்தா. அவளுக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. ஏன் சொல்லு?

— ம்?

ஏன்னா உலகம்மா கரண்டியைத் தொட்டுப் பன்னெண்டு வருஷம் ஆயிருந்துச்சு! ஆவுடை மருமகளா வந்த அன்னிக்கே அந்தம்மா கரண்டியை டங்குனு மேடையில வச்சிட்டா. "ஏளா, நாப்பது வருஷம் இந்த அடுப்புல சோத்தோட சேந்து நானும் வெந்தாச்சு. உலகத்துலயே ருசியான சாப்பாடு எது தெரியுமா? நான் சமைக்காத சாப்பாடு"ன்னு சொல்லிட்டா.

அதுலயும் தினம் சாயங்காலம் நாலு மணிக்கு, செல்லப்பா கடைக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்து, "ஏளா, முக்குக் கடைக்குப் போயிட்டு வா"ன்னு கண்ணடிப்பா. ஒரு பன்னு, ஒரு டீ. பல்லு கிடையாதே! மாடிச் சுவர் ஓரமா உக்காந்து பன்னைப் பிச்சு டீயில முக்கி, சொத சொதன்னு வாயில போட்டுக்குவா. கடைசித் துண்டைச் சுவர்ல வைப்பா. ஒரு விரல் இல்லாத நொண்டிக் காக்கா ஒண்ணு, மணி அடிச்ச மாதிரி வந்து தூக்கிட்டுப் போகும்.

பன்னு உள்ள போச்சுன்னா உலகம்மாவுக்கு வாயும் தொறக்கும். "பெரிய பய புளிக்குழம்பு புளிக்குழம்புன்னு உருகுவானே. அன்னிக்கு உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன்ளா. பயந்து போயி ஒரு வெல்லக்கட்டியைத் தூக்கிப் போட்டேன். அவன் சப்புக் கொட்டித் தின்னான். அப்புறம் அதே மாதிரி வேணும் வேணும்னு கேட்டு, வேணும்னே உப்பை அள்ளிப் போட வேண்டியதாப் போச்சு!" பொக்கை வாயைத் தொறந்து கெக்கெக்கேன்னு சிரிப்பா. "நடுப் பய கூட்டாஞ்சோறு? பக்கத்து வீட்டுக்காரிகூட சுவர் ஏறிச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். சோறு கருகிப்போச்சு. அடியோட சுரண்டிக் கிளறி வச்சிட்டேன். பொகை வாசமாம்ல!"

அப்புறம் ஆவுடை கையைப் பிடிச்சு, "நான் செத்தாலும் இதைப் பயலுவகிட்ட சொல்லிராத. சமையல்காரின்னு ஒரு பேரு சும்மா கிடைச்சிருக்கு, இருந்துட்டுப் போகட்டும்"னு சத்தியம் வாங்கிக்கிட்டா. ஆவுடையும் சத்தியம் பண்ணிட்டா. ம் சொல்லு.

— ம். பன்னு நல்லா இருக்குமா?

இருக்கும். கேளு.

விடிஞ்சுது. ஆவுடை தலைக்குக் குளிச்சு ஈரச் சேலையோட அடுப்பு முன்னாடி நின்னா. சமையல் ரகசியத்தைத்தான சொல்லக் கூடாது, பன்னைச் சொல்லலாமேன்னு நினைச்சு, "பெரியத்தான், அத்தைக்கு முக்குக் கடைப் பன்னும் டீயும் ரொம்பப் பிடிக்கும். அதையும் வச்சுப் படைப்போமா?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான். சங்கரலிங்கம் எண்ணெயில போட்ட கடுகாயிட்டாரு. "எங்க அம்மாவா? டீக்கடைப் பன்னா? வெளித் தண்ணி ஒரு வாய் குடிச்சிருப்பாளா அவ! என்ன பேச்சு இது? போயி புளிக்குழம்பு வை. உப்பும் உறைப்பும் தித்திப்பும் மறக்காத."

ஆவுடை புளிக்குழம்பு வச்சா. உப்பு அளவா, உறைப்பு அளவா, ஊரே மணக்க வச்சா. இலையில ஒரு கை எடுத்து மாடிச் சுவர்ல வச்சாச்சு. பெரியவரு வேட்டியை இழுத்துக் கட்டிக்கிட்டு, பம்பாய்ல மானேஜரு, கையைத் தட்டி, "கா... கா... கா..."ன்னு கூப்பிட்டாரு.

சர்ர்ர்ருனு வந்துச்சு நொண்டிக் காக்கா. சுவர்ல உக்காந்துச்சு. தலையை இப்படிச் சாய்ச்சு ஒரு பார்வை, அப்படிச் சாய்ச்சு ஒரு பார்வை. குழம்பைப் பாத்துச்சு, பெரியவரைப் பாத்துச்சு. படபடபடன்னு பறந்து போயிடுச்சு.

"தள்ளுண்ணே"ன்னு குத்தாலம் வந்தாரு. "அம்மாவுக்குக் கூட்டாஞ்சோறுதான். ஆவுடை, அடுப்பைப் பத்த வை." மறுபடியும் அரிசி, பருப்பு, கீரை. கிளறிக் கிளறி அவ தோள்பட்டை விட்டுப்போச்சு. சுவர்ல வச்சாச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து, "கா... கா..." காக்கா வந்துச்சு. தத்தித் தத்திக் கிட்ட வந்துச்சு. அலகை வச்சு நாலு பருக்கையைத் தூக்கித் தூர எறிஞ்சுச்சு. திரும்பி உக்காந்து, வாலைத் தூக்கி, சுவர்லயே... ச்சீ, சிரிக்காதே. அதேதான். பறந்து போயிடுச்சு.

வெயில் உச்சிக்கு வந்துச்சு. வந்திருந்த சொந்தக்காரங்களுக்கு வயிறு கபகபன்னுச்சு. குழந்தைங்க அழ ஆரம்பிச்சுதுங்க. அப்போ செல்லப்பா, "நான் கூடவே இருந்தவன்ல, எனக்குத் தெரியும். சொதி வை"ன்னாரு. பொண்டாட்டி காலையில இருந்து தண்ணி குடிக்கலையேன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம். தேங்கா திருகி, பால் பிழிஞ்சு, சொதியும் வச்சா. இப்போ மாடியில மூணு பெரிய மனுஷங்களும் வரிசையா நின்னு, "கா! கா! கா!" தெருவுல போறவன் எல்லாம் நின்னு பாக்கிறான்.

காக்கா வந்துச்சு. ஒரு உருளைக்கிழங்கைக் கொத்துச்சு. எல்லாரும் "ஆ!"ன்னாங்க. வாயில வச்சுச்சு. அப்புறம் பொத்துனு கீழ போட்டுச்சு. 'தினம் இதைத்தான தின்னேன், இன்னிக்குமாடி?'ங்கிற மாதிரி ஆவுடையை ஒரு பார்வை. போயே போச்சு.

தூங்கிட்டியா?

— ம்ஹூம்.

பெரியவரு கீழ இறங்கி வந்தாரு. பசி முத்திப்போன ஆம்பளைக்கு யார் மேல கோபம் வரும்? சமைச்சவ மேலதான். அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி, "அம்மா மனசு நெறையாமத்தான் போயிருக்கா. மூணு தடவை வந்தும் தொடலைன்னா என்ன அர்த்தம்? கடைசிக் காலத்துல அவ வயித்தை வாடப் போட்டது யாரு? அதை இந்த வீட்ல இருந்தவங்கதான் சொல்லணும்"னாரு.

எல்லாக் கண்ணும் ஆவுடை மேல. பன்னெண்டு வருஷம் பிசைஞ்சு ஊட்டினவளுக்கு, பட்டினி போட்டவன்னு பேரு! நாளைக்கு விடிஞ்சா ஊரு பூரா இதான் பேச்சு. அவ புருஷனைப் பாத்தா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கண்ணாலயே கேட்டா. செல்லப்பா சுவர்ல ஊர்ந்துக்கிட்டு இருந்த எறும்பை எண்ணிக்கிட்டு இருந்தாரு.

அத்தைகிட்ட பண்ணின சத்தியம் குறுக்க வந்து நின்னுச்சு. உப்பு, வெல்லம், கருகல் எல்லாத்தையும் கொட்டிடலாம்தான். கொட்டல. சேலையை உதறிச் சொருகினா. தூக்குவாளியை எடுத்தா. அத்தனை பேருக்கும் நடுவுல விறுவிறுன்னு வாசல் இறங்கி நடந்தா.

முக்குக் கடைக்காரரு பாத்ததும், "என்ன தாயீ, ஒரு வருஷமாச்சு இந்தப் பக்கம் வந்து! இன்னிக்குத் திவசம்ல, பெரியம்மாவுக்கு வழக்கமான பன்னும் டீயும்தான?"ன்னாரு. பின்னாடியே ஓடி வந்த குத்தாலம் காதுல அது நல்லா விழுந்துச்சு.

ஆவுடை மாடி ஏறினா. 'கா கா'ன்னு எல்லாம் கத்தல. பன்னைப் பிச்சா, டீயில முக்கினா, சொத்துனு சுவர்ல வச்சா. மணி நாலு.

சர்ர்ர்ருனு வந்துச்சு பாரு நொண்டிக் காக்கா! தலையைச் சாய்க்கல, யோசிக்கல. லபக்! இன்னொரு துண்டு. லபக்! அப்புறம் வாளிக்குள்ள மூக்கை விட்டு டீயை ஒரு உறிஞ்சு. அதுக்கப்புறம் பின்னாடியே ஒரு கூட்டம். கா கா கா கான்னு வந்து, புளிக்குழம்பு, கூட்டாஞ்சோறு, சொதி எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சிட்டுப் போயிடுச்சு.

— அது அந்த ஆச்சியா?

ஆச்சியோ, பன்னு ருசி கண்ட காக்காவோ, யாருக்குத் தெரியும்? ஒரு வருஷமா கண்ணுல காணாத பன்னை அது மறக்கல. மறக்காததோட, அது பன்னுதான்னும் சரியா ஞாபகம் வச்சிருந்துச்சு. அந்த மூணு பேர்ல ஒருத்தருக்கும் அது முடியல.

அப்புறம் இலை போட்டாங்க. பெரியவரு புளிக்குழம்பை ஊத்திப் பிசைஞ்சு ஒரு வாய் வச்சாரு. வாளி கவுந்த மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மா கை இல்லையே"ன்னாரு. பட்டினி போட்டியான்னு கேட்டதுக்கு ஒரு மன்னிப்பு? வாயில சோறு இருந்துச்சு, பாவம்.

ஆவுடை உள்ள போனா. அவரு பங்குக் குழம்புல ஒரு கை உப்பு, ஒரு அச்சு வெல்லம், கொதிக்க விட்டா. குத்தாலம் பங்குச் சோத்தைக் கருகக் கருகத் தீய விட்டுச் சுரண்டினா. கொண்டாந்து பரிமாறினா.

பெரியவரு ஒரு வாய் வச்சாரு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "அம்மா! அம்மாவேதான்! ஆவுடை, இன்னும் ஒரு கரண்டி!" அந்தப் பக்கம் குத்தாலம் கரியை நறுக் நறுக்குனு கடிச்சுக்கிட்டு விம்மறாரு. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள பெரியவரு குடிச்ச தண்ணி, ஒரு பானை. மடக் மடக் மடக்.

செல்லப்பாவுக்கு மட்டும் எதையும் மாத்தல. அதே சொதி. அவரு உறிஞ்சிட்டு, "இதான்! அப்படியே அம்மா கை!"ன்னாரு.

ஆவுடை கரண்டியை நீட்டிக்கிட்டே, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னா. "பன்னெண்டு வருஷமா அது என் கைங்க."

செல்லப்பாவுக்குப் புரை ஏறிடுச்சு. பந்தியில ஒருத்தரும் தலையில தட்டல. அன்னிக்கு அத்தனை பேருக்கும் அப்புறம் ஆவுடை உக்காந்தா. அவளுக்கு இலை போட்டுப் பரிமாறினது செல்லப்பாதான். கரண்டி பிடிக்கத் தெரியாம, பாதி கீழ சிந்திடுச்சு. பரவாயில்லை, முதல் தடவைல்ல.

மறு வருஷமும் திவசம் வந்துச்சு. பெரியவரு வந்து கூடத்துல உக்காந்தாரு. புதுசா வந்த சம்பந்திகிட்ட கண்ணை மூடிக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "எங்க அம்மா கையால டீயில முக்கிக் குடுப்பா ஒரு பன்னு. சின்ன வயசுல தின்னது. இன்னும் நாக்குலயே நிக்குது!"

அடுப்படியில ஆவுடை கேட்டா. மாடியில காக்காவும் கேட்டுச்சு. கா!

ம் சொல்லு... சொல்ல மாட்டியே. எப்போ தூங்கினே? சொதியிலயா, பன்னுலயா? சரி. நாளைக்கு நீயும் பெரிய ஆளாகி, எங்கேயோ ஒரு ஊர்ல உக்காந்து, 'எங்க பெரியம்மா ஒரு கதை சொல்லுவா, இன்னும் காதுலயே நிக்குது'ன்னு அளக்கத்தான் போறே. பாதிக் கதைக்கு நீ குறட்டை விட்டே. அது எனக்கு மட்டும் தெரியும்.

காக்கா கூட்டுக்குப் போயாச்சு, கதையும் அதுகூடவே போயாச்சு. வாயை மூடித் தூங்கு.